வைக்கோல் வேண்டாம், சம்பந்தியம்மா

புக்கிட் பாஞ்சாங், சிங்கப்பூர்
14 ஜூன் 2025

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

லீலா எழுதுகிறேன். இங்கே நலம். நீங்களும் அண்ணாதுரை சம்பந்தியும் நலமாக இருக்க வேண்டும். சுஷ்மிதா எப்படி இருக்கிறாள் என்று கேட்க எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

போனில் பேசியிருக்கலாம். பேசினால் பிள்ளைகளின் விவாகரத்தில்தான் வந்து நிற்கிறோம். அப்புறம் நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் அழுது போனை வைக்கிறோம். என் அருண்ராஜும் உங்கள் சுஷ்மிதாவும் நான்கு வருஷம் குடித்தனம் செய்து பிரிந்துவிட்டார்கள். அவள் ஊரோடு போய்விட்டாள், இவன் இங்கே ஈசூனில் தனியாக இருக்கிறான். யார்மேல் தப்பு என்று நாம் இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அந்த மட்டுக்கும் நமக்குப் புத்தி இருந்தது.

இப்போது எழுதுவது வியாபாரத்துக்காக. சிரிக்காதீர்கள். என் வீட்டுக்காரர் ஏற்கெனவே போதுமான அளவு சிரித்துவிட்டார். பாலர் பள்ளியில் முப்பது வருஷம் அ, ஆ சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவளுக்கு என்ன கடை, என்ன சரக்கு என்கிறார். கல்யாணத்தில் நீங்கள் சீராக வைத்த சின்ன வெண்கலப் பானை இருக்கிறதே, அதில் போன தைக்குப் பொங்கல் வைத்தேன். பொங்கி வழிந்ததை வாசலில் நின்று பார்த்த எதிர்வீட்டுக்காரர் முதல் பதினோராவது மாடிக்காரர் வரை, ‘எங்க வாங்கினீங்க?’ என்று கேட்டுவிட்டார்கள். தேக்கா சந்தையில் நான் பார்த்த பானைகள் எல்லாம் பெரிசு. எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டு அடுப்பில் உட்காராது. ஒரு ஆழாக்கு அரிசி பொங்கும் அளவில் பானை உங்கள் பாத்திரக் கடையில்தான் பார்த்திருக்கிறேன்.

ஜாலான் புசாரில் தோழி ஒருத்தி படச்சட்டம் போடும் கடை வைத்திருக்கிறாள். ஒரு சுவர்த்தட்டை எனக்கு விடுகிறேன் என்கிறாள். நூற்றிருபது பானை அனுப்ப முடியுமா? விலை எழுதுங்கள். சம்பந்தி விலை வேண்டாம், கடை விலை.

இன்னும் சம்பந்தி என்று எழுதலாம் அல்லவா? கோர்ட்டில் கடைசித் தாள் வரும்வரை எழுதுகிறேன். அதற்குப் பிறகு உங்களை என்னவென்று கூப்பிடுவது? அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்புடன்,
லீலா


கும்பகோணம்
2 ஜூலை 2025

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

மங்களாம்பிகை எழுதிக்கொண்டது. உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்தே பிரித்தேன். கல்லாவில் உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி ஆகிவிட்டது. எங்கள் கடைக்கு இந்தப் பழமொழி ரொம்பப் பொருத்தம்.

“கொள்வினை கொடுப்பினையே போயிடுச்சு. அவங்களோட கொடுக்கல் வாங்கல் என்ன வேண்டிக் கெடக்கு?” என்றார்.

“கொடுப்பினைதானே போச்சு? கொடுக்கல் வாங்கலுக்கு என்ன வந்துச்சு? கடைப்படி ஏறின ஆளைத் தொரத்துவீங்களா?” என்றேன்.

அவருக்குக் கோபம் எவ்வளவு வந்தாலும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப மாட்டார். ‘நூத்திருவதா?’ என்று ஒரு முறை கேட்டுக்கொண்டு பட்டறைக்காரருக்குப் போன் போட்டுவிட்டார்.

சுஷ்மிதா நன்றாக இருக்கிறாள். கேட்க உரிமை இருக்கிறதா என்று எழுதினீர்களே, அது அதிகப்பிரசங்கித்தனம். வெளிநாட்டுக்கு அனுப்ப ஆங்கிலத்தில் பில் போட வேண்டுமாம். அதை அவளே போட்டுத் தருகிறேன் என்றாள். “அத்தைக்குத்தானேம்மா,” என்றாள். நான் பானையைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் பானை கப்பல் ஏறுமா, நிஜமாகவா? நான் கப்பலையே பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் மகாமகக் குளம். நேற்றிலிருந்து ஒவ்வொரு பானையையும் பார்த்து, ‘நீ கடல் தாண்டப் போறியாடி’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடைக்கு வந்த ஒருத்தர் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரித்துவிட்டுப் போனார்.

விலையைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். கடை விலைதான். கோபித்துக்கொண்டு சொல்லவில்லை, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

அன்புடன்,
மங்களாம்பிகை


புக்கிட் பாஞ்சாங்
20 ஆகஸ்டு 2025

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

தொழில் பதிவாகிவிட்டது! கணினி முன்னால் உட்கார்ந்து பெயரைக் கொடுத்தேன், கட்டணம் கட்டினேன், ஒரு எண் வந்தது. அந்த எண்ணை வைத்துச் சுங்கத்துறையில் கணக்குத் திறந்தேன். ‘இறக்குமதியாளர்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என் பெயர். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அப்படியே இருந்தது.

அன்வர் என்று ஒரு தம்பி சரக்கு முகவராகக் கிடைத்திருக்கிறார். என்னைப் போன்ற சின்ன ஆட்களின் சரக்கை ஒரே கொள்கலனில் சேர்த்துக் கொண்டுவந்து, அனுமதிச்சீட்டு எடுத்து, வரி கட்டி, கையில் ஒப்படைப்பது அவர் வேலை. நான் அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை, ஆனாலும் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுகிறார். அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று இது.

“டீச்சர், விக்கிறவங்க உங்களுக்குச் சொந்தமா?”

“ஏன் தம்பி?”

“ஃபார்ம்ல கேக்குறாங்க லா. சொந்தக்காரங்கன்னா வெலையக் கொறச்சுப் போட்டுடுவாங்களோன்னு ஒரு சந்தேகம். சொந்தம்னா சொந்தம்னு போட்டுட்டு, இது உண்மையான வெலைதான்னு காட்டினா போதும்.”

“சம்பந்தி,” என்றேன். “அப்ப ஆமா,” என்று சொல்லிக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டார். அவருக்கு அது ஒரு கோடு. நான் வீடு வரும்வரை அந்தக் கோட்டையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

சரக்கு வந்திறங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். பாசிர் பாஞ்சாங் துறைமுகத்துப் பக்கம் கூட்டிப்போனார். அறுபது வருஷமாக இந்தத் தீவில் இருக்கிறேன், சம்பந்தியம்மா. பேருந்து ஜன்னல் வழியாக அந்தப் பாரந்தூக்கிகளை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் இறங்கி நின்று பார்த்தேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கு போல நாலைந்தைப் படுக்கவைத்தால்தான் ஒரு கப்பல் நீளத்துக்கு வரும். அதன்மேல் பெட்டி, பெட்டிமேல் பெட்டி. ஒவ்வொன்றும் யாரோ யாருக்கோ கட்டி அனுப்பியது. எங்கள் வீட்டு அரிசி தாய்லாந்து, பருப்பு இந்தியா, கீரை மலேசியா. இந்த ஊரில் நான் தின்ற சோற்றில் ஒரு பருக்கைகூட இங்கே விளைந்ததில்லை. அத்தனையும் தண்ணீர்மேல் வந்து, யாரோ ஃபார்ம் நிரப்பி, என் தட்டில் விழுந்திருக்கிறது. இத்தனை வருஷமாகச் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போயிருக்கிறேன், ஒரு நாளும் யோசித்ததில்லை. பிரமித்துப்போய் நின்றேன். “டீச்சர், வாயை மூடுங்க, கொசு போயிடும்,” என்றார் அன்வர்.

முக்கியமான ஒன்று. பாத்திரத்துக்குள் வைக்கோல் திணித்து அனுப்புவது உங்கள் கடை வழக்கம் என்று தெரியும். வைக்கோல் வேண்டாம், சம்பந்தியம்மா. பூச்சி வரும், விதை வரும் என்று இங்கே விட மாட்டார்கள். வெளியே காகிதம் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்தால் போதும். மறந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
லீலா


கும்பகோணம்
6 அக்டோபர் 2025

அன்புள்ள லீலா அவர்களுக்கு,

இந்த முதல் வரிக்காக நாலு தாள் கிழித்தேன். கோர்ட்டின் கடைசித் தாள் சுஷ்மிதாவுக்கு மெயிலில் வந்துவிட்டது. உங்கள் பிள்ளைக்கும் வந்திருக்கும். படித்தாள். பிறகு பில்லில் ஒரு இடத்தில் எடை தப்பாகப் போட்டிருக்கிறேன் என்று திருத்த உட்கார்ந்துவிட்டாள். என் பெண்ணுக்கு இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று ஆச்சரியப்பட்டேன். நான் கொல்லைப்புறம் போய் அழுதேன்.

அதனால்தான் ‘அவர்களுக்கு’. பேங்க் மேனேஜருக்கு எழுதுகிற மாதிரி இருக்கிறது. வேறு என்ன போடுவது, சொல்லுங்கள்.

பானைகளை நானே கட்டினேன். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தேன். கீறல் இருந்தால் சத்தத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் எழுதியபடி வைக்கோல் வைக்கவில்லை, ஒரு துரும்புகூடக் கிடையாது. லாரி சென்னைக்குப் போய், பெட்டிகள் கப்பலும் ஏறிவிட்டன. கப்பல் பெயரைப் போட்டால் போனில் நீலத்துக்கு நடுவே ஒரு புள்ளி தெரிகிறது. சுஷ்மிதா காட்டினாள். கரையே இல்லாத இடத்தில் அது பாட்டுக்கு ஊர்கிறது. அந்தப் புள்ளிக்குள் நான் துடைத்த பானை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் வீட்டுக்காரர் வேண்டாவெறுப்பாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டு, மணிக்கொரு தரம் ‘எங்க வருது?’ என்று கேட்கிறார்.

இப்படிக்கு,
மங்களாம்பிகை


புக்கிட் பாஞ்சாங்
24 அக்டோபர் 2025

மங்களாம்பிகை,

வெறும் பெயரை எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். தபாலுக்கு நேரமில்லை, அதனால் இதைப் படமெடுத்து அனுப்புகிறேன். பதிலையும் அப்படியே சுஷ்மிதாவை அனுப்பச் சொல்லுங்கள்.

தீபாவளிக்கு மறுநாள் அன்வர் கூப்பிட்டார். “டீச்சர், சரக்க நிறுத்திட்டாங்க. பானைக்குள்ள அரிசி இருக்கு லா!”

“எந்தப் பானையில?”

“எல்லாத்துலயும்!”

கிடங்குக்கு ஓடினேன். மேசைமேல் நம் பானைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் மல்துணியில் ஒரு முடிச்சு. முடிச்சுக்குள் ஒரு பிடி மஞ்சள் அரிசி. இந்த நாட்டில் உரிமம் இல்லாமல் அரிசி இறக்குமதி செய்யக் கூடாது. அதோடு, நாம் கொடுத்த தாளில் பானை என்றுதான் இருக்கிறதே தவிர அரிசி என்று ஒரு எழுத்தும் இல்லை. சோதித்த அதிகாரி ஒரு மலாய் அம்மா, என் வயதுதான் இருக்கும். இது விற்பதற்கா என்று கேட்டார். இல்லை என்றேன். அனுப்பியவர் உங்களுக்கு உறவா என்று கேட்டார்.

ஆகஸ்டில் பட்டென்று ‘சம்பந்தி’ என்றவள் நான்தான். கோர்ட்டுத் தாள் என் பிள்ளைக்கும் வந்துவிட்டதே.

“முன்னே உறவு,” என்றேன்.

“முன்னேயா?” என்றார். மேசையில் இருந்த முடிச்சுகளை ஒரு பார்வை பார்த்தார். “எங்கம்மாவும் அடுத்த வீட்டுத் தட்டைக் காலியாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் விதி விதிதான், மேடம்,” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. இத்தனை சொல்லியும் இப்படிச் செய்துவிட்டார்களே என்று பல்லைக் கடித்தேன். பிறகு அதிகாரி ஒரு முடிச்சை அவிழ்த்தார். மஞ்சள் வாசனை வந்தது. நூற்றிருபது முடிச்சு, மங்களாம்பிகை! கடல் முழுக்க உருண்டு வந்தும் ஒன்றுகூடத் தளரவில்லை. கோவிலில் நடை திறக்கும்போது கைகூப்பவும் மறந்து நிற்போமே, அப்படித்தான் நின்றேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஆனால் நிலைமை நல்லதாக இல்லை. பானைகளைத் திருப்பி அனுப்பச் சொல்லலாம், அபராதம் போடலாம். பொங்கல் தாண்டிவிட்டால் இந்தப் பானையை யார் வாங்குவார்கள்? முதல் சரக்கே இப்படி என்றால் என் கடை தொடங்கிய இடத்திலேயே முடிந்துவிடும். ஏன் அரிசி வந்தது என்று விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஏன் வைத்தீர்கள்? நான் என்ன எழுத?

லீலா


கும்பகோணம்
25 அக்டோபர் 2025

லீலா,

அதிகாரிகளுக்கான விளக்கத்தைச் சுஷ்மிதா ஆங்கிலத்தில் தனியாக அனுப்புகிறாள். தெரியாமல் செய்தோம், தப்பு எங்களுடையது, அரிசியை அழித்துவிட்டுப் பானையை விடுங்கள் என்று எழுதியிருக்கிறாள். இது உங்களுக்கு.

கடைகளுக்குப் போகிற சரக்கில் வைக்கோல் வைப்போம். ஈரோட்டுக்குப் போனாலும் மதுரைக்குப் போனாலும் வைக்கோல்தான். சம்பந்தம் செய்த வீட்டுக்குப் போகிற பானையில் மட்டும் அரிசி. காலிப் பானையை அந்த வாசலுக்கு அனுப்பக் கூடாது. எங்கள் கடையில் இவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்கள் வைக்கோல் வேண்டாம் என்று எழுதினீர்கள். சரி என்று காலியாகவே கட்ட உட்கார்ந்தேன். கோர்ட்டுத் தாள் வந்த மறுநாள் அது. இரண்டு பானை கட்டிவிட்டேன். மூன்றாவதில் கை நின்றுவிட்டது. காலியாக அனுப்பினால் லீலா வீட்டோடு இனி ஒன்றுமில்லை என்று கோர்ட்டு சொன்னதை நானும் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. கோர்ட்டு சொல்லட்டும், நான் சொல்ல மாட்டேன். கட்டிய இரண்டையும் பிரித்தேன், அரிசி டின்னைத் திறந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். துணி கிழித்துக் கொடுத்தது எங்கள் வீட்டுக்காரர்தான். “வெறுமனே போட்டா சிந்திடப் போவுது. முடிச்சுப் போடு,” என்றார். கடைசி முடிச்சுவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அரிசிக்கு உங்கள் ஊரில் சட்டம் உண்டென்று எனக்கு எங்கே தெரியும்? எங்கள் ஊரில் அரிசி வைக்காமல் அனுப்பினால்தான் குற்றம்.

பானை திரும்பி வந்தால் வரட்டும். நஷ்டம் எங்கள் தலையில் இருக்கட்டும். இனி எங்கள் சரக்கே வேண்டாம் என்றாலும் நியாயம்தான். எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

மங்களாம்பிகை


புக்கிட் பாஞ்சாங்
18 ஜனவரி 2026

அன்புள்ள ....................,

மேலே இடம் விட்டிருக்கிறேன். காரணம் கடைசியில்.

நவம்பரில் பானைகளை விட்டதும் உங்களுக்கு ஒரு வரிச் செய்தி அனுப்பினேன். கடிதம் எழுதவில்லை. அந்த முதல் வரிதான் என்னை எழுதவிடவில்லை. இப்போது முழுதும் சொல்கிறேன். அபராதம் இல்லை, எழுத்தில் எச்சரிக்கை மட்டும். அரிசியை எங்கள் கண்முன்னாலேயே எடுத்து அழிக்கக் கொண்டுபோனார்கள். அந்த மலாய் அம்மா வெறும் துணிகளைத் தனியாக மடித்து என் கையில் கொடுத்தார். அவற்றைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

பெட்டிகளைத் தூக்க அருண்ராஜ் ஈசூனிலிருந்து வந்தான். பெட்டிமேல் சுஷ்மிதாவின் கையெழுத்தைப் பார்த்துக் கொஞ்சம் நின்றான். பிறகு கீழே வைக்காமல் மெதுவாகத் தூக்கிக்கொண்டு போனான். அவர்கள் இருவர் கதை முடிந்தது முடிந்ததுதான். அதை நாம் கிளற வேண்டாம்.

ஜாலான் புசார் கடையில் முதல் பானையை ஒரு பெண்ணிடம் நீட்டினேன். கை நின்றுவிட்டது, உங்களுக்கு நின்ற மாதிரியே! ‘ஒரு நிமிஷம் இரும்மா’ என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்கு ஓடி ஒரு பை அரிசி வாங்கி வந்தேன். சட்டப்படி வந்த தாய்லாந்து அரிசி, பயப்படாதீர்கள். உங்கள் துணியிலேயே முடிந்து பானைக்குள் வைத்துக் கொடுத்தேன். அதிலிருந்து எல்லாருக்கும் அப்படியேதான். “ஆன்ட்டி, அரிசிக்கு எவ்வளவு?” என்று ஒரு பையன் கேட்டான். “அதுக்குக் காசு வாங்கினா கும்பகோணத்துல ஒருத்தங்க சண்டைக்கு வந்துடுவாங்க,” என்றேன். பொங்கலுக்கு முன்னாலேயே சுவர்த்தட்டு காலி. பொங்கலன்று ஆளாளுக்குப் படம் அனுப்பினார்கள். ஜாலான் புசார், தெம்பனீஸ், ஈசூன் என்று எங்கெங்கோ அடுப்புகளில் நம் பானை பொங்கி வழிகிறது. ஒன்றொன்றாகப் பார்த்தேன். இதற்கெல்லாம் நானா காரணம், நாமா காரணம் என்று நம்பவே முடியவில்லை.

அடுத்த சரக்குக்குச் சொல்லி வைக்க அன்வரிடம் போனேன். மறுபடி அந்தக் கட்டம்.

“டீச்சர், இந்தத் தடவை சொந்தமா, இல்லையா?”

“சம்பந்தம் முடிஞ்சுபோச்சு தம்பி.”

“அப்ப இல்லைன்னு போட்டுடவா?”

அவர் விரல் கட்டத்துக்குப் போய்விட்டது. “இருங்க, இருங்க!” என்று கத்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். “வேற எப்படி இருந்தா ஆமான்னு போடலாம்?”

“கூட்டா வியாபாரம் பண்றவங்கன்னா போடலாம் டீச்சர். பார்ட்னர்னாலும் சொந்தக் கணக்குதான்.”

பார்ட்னர். நான் அதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். பங்காளி!

யோசித்துப் பாருங்கள். சம்பந்தி என்பது பிள்ளைகளால் வந்த உறவு, அவர்கள் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார்கள். பங்காளி அப்படியா? வரப்புச் சண்டை போடுவான், பத்து வருஷம் பேசாமல் இருப்பான், ஆனாலும் பங்காளி பங்காளிதான். தீட்டுகூட விடாது. அந்த உறவை முடிக்க எந்தக் கோர்ட்டிலும் தாள் கிடையாது.

இத்துடன் ஒரு பத்திரம் வைத்திருக்கிறேன். கடையை உங்கள் பெயரும் என் பெயரும் சேர்த்துச் சரிபாதியாக எழுதியிருக்கிறது. விருப்பம் இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால் ஃபார்மில் ‘இல்லை’ என்றே போட்டுக்கொள்கிறேன். பானை எப்படியும் வாங்குவேன். ஆனால் அந்தக் கோட்டைப் பார்க்க எனக்கு மனசு கேட்காது.

மேலே விட்ட இடத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
லீலா


கும்பகோணம்
4 பிப்ரவரி 2026

அன்புள்ள பங்காளிக்கு,

நிரப்பிவிட்டேன். எழுதியதும் ஒரு தரம் வாய்விட்டுப் படித்தேன். சுஷ்மிதா உள்ளேயிருந்து, ‘யாரும்மா அந்தப் பங்காளி?’ என்றாள். ‘உன் அத்தைதான்’ என்றேன். ரொம்ப நாள் கழித்து அவள் சத்தம் போட்டுச் சிரித்ததைக் கேட்டேன்.

கையெழுத்துப் போட்டுப் பத்திரத்தை வைத்திருக்கிறேன். சாட்சிக் கையெழுத்து எங்கள் வீட்டுக்காரருடையது. “பங்காளியையும் பனங்காயையும் பதம் பாத்து வெட்டணும்பாங்க. ரெண்டு பேரும் அடிச்சுக்காம இருங்க,” என்று சொல்லிக்கொண்டேதான் போட்டார். அடித்துக்கொண்டால் என்ன? அதற்கும் ஒரு ஆள் வேண்டுமே.

அடுத்த சரக்கைக் கட்டி முடித்துவிட்டோம். வைக்கோல் இல்லை. சத்தியமாக அரிசியும் இல்லை. ஒவ்வொரு பானைக்கும் கை டின்னுக்குப் போனது. கடைசியில் இவர் டின்னைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டார்.

பானைகள் காலியாகத்தான் வருகின்றன. அரிசி உங்கள் பங்கு.

இப்படிக்கு உங்கள் பங்காளி,
மங்களாம்பிகை